'வேண்டாம்' என்று சொன்ன அதே அறையில்: இதய, மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. 24 வயதில் என் இதயத்திலிருந்த மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்க மாதம் ஒரு முறை ஐ.என்.ஆர். பரிசோதனை, அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டுமே என்ற கவலை. இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் இரண்டு முறை என்னைச் சாவின் வாசலிலிருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பமானால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறீர்கள். சொல்ல வேண்டியதுதான். தத்தெடுக்கச் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது என்பதையும் அதே அறையில், அதே நாளில் சொல்லுங்கள். அப்புறம், அவள் ஒரு மருத்துவச் சான்றிதழுக்காக உங்களிடம் வந்து நிற்கும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். இவ்வளவுதான் நான் கேட்க வந்தது. ஏன் கேட்கிறேன் என்று புரிய என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினோரு வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. அது போய் இரண்டு மூன்று வாரத்தில் முட்டி வீங்கியது. முட்டி வற்றியதும் கணுக்கால் வீங்கியது. வளர்கிற பிள்ளைக்கு மூட்டு வலி வரத்தான் செய்யும் என்று வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று உங்கள் வகுப்பில் சொல்லித்தருவார்களாமே, அதேதான். அது திரும்ப வராமல் இருக்க 21 நாளுக்கு ஒரு முறை போட வேண்டிய பென்சிலின் ஊசியைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம். மாடிப்படி ஏற மூச்சு வாங்கத் தொடங்கியபோது வால்வு சுருங்கி, சுண்ணாம்பு படிந்துபோயிருந்தது. இன்றைக்கு என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கால் வீங்கி நொண்டி வந்தால், நானே அம்மா அப்பாவைக் கூப்பிட்டு இதயத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். உலோக வால்வு வைத்தால் ஆயுளுக்கும் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை போட வேண்டும். திசு வால்வு வைத்தால் அந்த மாத்திரை நீண்ட நாள் தேவைப்படாது, ஆனால் அது தேய்ந்து சில வருடங்களில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். பிள்ளை பெறும் ஆசை இருக்கிற இளம்பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய தீர்மானம்! அதை நான் தெரிந்துகொண்டது ஏழெட்டு வருடம் கழித்து. ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணிடம் பிள்ளைப்பேறு பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ.

என் வால்வுக்குச் சத்தம் உண்டு. ராத்திரி மின்விசிறியை நிறுத்தினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். டிக், டிக் என்று கைக்கடிகாரத்தைக் காதில் வைத்ததுபோல. கல்யாணமான புதிதில் என் கணவர் அதைக் கடிகாரம் என்றுதான் சொல்வார்.

முதல் வருடமே கருத்தரித்தேன். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் மருந்துக்கடைத் தம்பி, "அக்கா, அந்த மாத்திரை வயித்துல இருக்குற பிள்ளைக்கு ஆகாது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அந்த வகை மாத்திரைகள் கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம். ஆனால் மாத்திரையை நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் கண்காணிப்பில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற வேண்டும், மாறினாலும் வால்வில் ரத்தக்கட்டி சேரும் ஆபத்து கூடும் என்பது எனக்குத் தெரியாது. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும் என்பதும் தெரியாது. வால்வு வைத்த மருத்துவமனையில் கர்ப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு ராத்திரி, "என்ன உன் கடிகாரம் சத்தமே இல்ல?" என்று என் கணவர் கேட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. அதனால் கேட்கவில்லை போல என்று இருவரும் தூங்கிவிட்டோம். விடியற்காலையில் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு. இருமினால் ரோஸ் நிறத்தில் நுரை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வால்வில் ரத்தக்கட்டி அடைத்து அதன் இதழ் அசையாமல் நின்றிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். நான் பிழைத்தேன். கரு போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே பிள்ளை கிள்ளைன்னு வந்துடாதீங்க. சம்சாரம் வேணும்ல?" நான் பக்கத்தில் சக்கர நாற்காலியில்தான் இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் கர்ப்பம் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை வீட்டுக்கு வந்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்ன மருத்துவம் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி கூடிவிடுகிறது. அவ்வளவையும் இறைக்க இதயம் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் உழைக்க வேண்டும். பிரசவ வலியின்போதும், பிள்ளை வெளியே வந்த அடுத்த சில மணி நேரத்திலும் இதயத்தின் சுமை சட்டென்று ஏறும். எனக்கு அந்தக் கட்டிக்குப் பிறகு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தமும் கூடிப்போயிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 முதல் 2019 வரை இதய நோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள். உயிரிழப்பு அதிகம் இருந்தது செயற்கை வால்வு வைத்தவர்களிடம்தான், நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல். பிரசவம் பொம்பளைக்கு மறுபிறவி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது வெறும் பேச்சில்லை. இன்னொன்றும் அதே பதிவில் இருக்கிறது. பத்தில் ஆறு பேருக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலாகத் தெரிந்திருக்கிறது.

இதய நோய் உள்ள எல்லோரும் பிள்ளை பெறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல மருத்துவக் குழுவின் கையில், முன்கூட்டியே திட்டமிட்டு, எத்தனையோ பேர் பெற்றெடுத்திருக்கிறார்கள். அது அவரவர் எக்கோவை, அதாவது இதய ஸ்கேனைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டியது. 'வேண்டாம்' என்று நீங்கள் நிச்சயமாகச் சொல்லும் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறேன். நுரையீரல் அழுத்தம் கூடியவள், போன பிரசவத்தில் இதயத் தசை தளர்ந்து இன்னும் தேறாதவள், லூப்பஸ் என்ற நோயால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவள், இப்படி எத்தனை பேர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்கள். 'வேண்டாம்' என்ற சொல்லோடு எழுந்து போகும் அவள் எங்கே போவாள்?

நான் போன இடங்களைச் சொல்கிறேன். கர்ப்பம் வேண்டாம் என்றால் அதைத் தடுக்க என்ன செய்வது என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்த உறைவைக் கூட்டும், எனக்கு ஆகாது என்று ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. என் கணவர் போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளத் தயாரானார். ஆம்பிளை செய்துகொள்வதா என்று ஊரில் பேசாத பேச்சில்லை. செய்துகொண்டார். ஆனால் அதற்கு முன்னாலேயே, சுவரொட்டியைப் பார்த்து ஒரு கருத்தரிப்பு மையத்துக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். என் நெஞ்சில் இருக்கும் தழும்பைப் பார்த்த பிறகும் அங்கே ஹார்மோன் ஊசிக்கான பட்டியலைத்தான் நீட்டினார்கள். அந்த ஊசியும் ரத்த உறைவைக் கூட்டும். நானாக ஐ.என்.ஆர். அட்டையை எடுத்துக் காட்டியதும் வாடகைத்தாய்க்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது பணத்துக்கு வாடகைத்தாய் கிடைத்த காலம். 2021ல் சட்டம் வந்து அது நின்றது. இவையெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற வழிகள், அதனால் பேச்சில் வந்தன. தத்தெடுப்பு ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் அது யார் வாயிலும் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். எந்த ஊர், என்ன வேலை என்று தெளிவாகச் சொல்லவில்லை. "பச்சப்பிள்ளைம்மா. கோர்ட்டு கேஸு ஒண்ணும் வேணாம். பிறப்பு சர்டிபிகேட்லயே உங்க பேரப் போட்டுரலாம்." விலையும் சொன்னார். அத்தை நகையை அடகு வைக்கலாம் என்றார்கள். நாங்கள் சரி என்று சொல்லிவிடும் நிலைமையில்தான் இருந்தோம். கடைசி நேரத்தில் என் கணவர் பயந்து பின்வாங்கியதால் தப்பித்தோம். 2019ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை விவகாரம் வெளிவந்து, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் ஆடியோ ஊரெல்லாம் பரவியபோது, அதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. அதே பேச்சு, அதே தோரணை. நேரான வழியை யாரும் சொல்லாத இடத்தில்தான் இவர்கள் வந்து உட்காருகிறார்கள். ஒரு தாயிடமிருந்து பறித்த பிள்ளையை, அறியாமல் நாங்கள் வளர்த்திருப்போம்.

இப்படியே ஐந்து வருடம் போனது. கடைசியில் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஒரு டீச்சர், மதிய உணவு இடைவேளையில் தன் தங்கை தத்தெடுத்த கதையைச் சொன்னார். டெல்லியில் காரா என்று மத்திய அரசின் அமைப்பு இருக்கிறது, இணையத்தில் நாமே பதிவுசெய்யலாம், வரிசைப்படிதான் பிள்ளை வரும், இடைத்தரகர் கிடையாது என்றார். தம்பதி என்றால் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி, இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளை வேண்டுமென்றால் இருவர் வயதையும் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். இதில் எதுவுமே ரகசியம் இல்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கிய மாநிலம் இது. இருந்தும், இரண்டு பட்டம் வாங்கிய எனக்கு ஐந்து வருடம் தெரியவில்லை.

பதிவுக்கான ஆவணங்களில் மருத்துவச் சான்றிதழ் ஒன்று உண்டு. நாள்பட்ட நோயோ தொற்றுநோயோ உயிரைப் பறிக்கும் நோயோ இல்லை, தத்தெடுக்கத் தகுதியானவர் என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். நான் இதுவரை சொன்னது எல்லாவற்றையும்விட இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதல் டாக்டர் தாளைப் பார்த்ததுமே திருப்பித் தந்தார். "வால்வு மாத்தியிருக்கே, நான் எப்படிம்மா எழுதுறது?" இரண்டாமவர் பேனாவை எடுத்தார், நாள்பட்ட நோய் என்ற சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டார். மூன்றாவது, ஒரு மகப்பேறு மருத்துவர். என் பழைய தாள்களை முழுக்கப் படித்தார். "உங்களுக்குத்தான் பிள்ளையே கூடாதுன்னு எழுதியிருக்காங்களே" என்றார். அந்த ஒரு வரி, ஐந்து வருடம் கழித்து மறுபடி வந்து என் முன்னால் நின்றது. கருவைத் தாங்காத இதயம் என்று எழுதியதை, அம்மாவாக இருக்கத் தகாதவள் என்று அவர் படித்தார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுத அழுகையை, கருவை இழந்தபோதுகூட அழவில்லை.

நான்காவதாக, எனக்கு வருடாவருடம் எக்கோ பார்க்கும் வயதான இதய மருத்துவரிடம் போனேன். அவர் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு என்னையே கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை வகுப்பு எடுக்கிறாய்? பள்ளிக்கூடம் எத்தனையாவது மாடி? வீட்டில் தண்ணீர் யார் தூக்குகிறார்கள்? கேட்டு முடித்துவிட்டுத் தன் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதினார். வால்வு நன்றாக இயங்குகிறது, ஐ.என்.ஆர். கட்டுக்குள் இருக்கிறது, முழுநேர வேலை பார்க்கிறார், இவருக்குக் கர்ப்பம் ஆபத்து, ஆனால் ஒரு குழந்தையை வளர்க்க உடல் தடையில்லை. எக்கோ அறிக்கையையும் இணைத்தார். ஒரு பொய்யும் இல்லை. எதையும் மறைக்கவும் இல்லை.

அந்த நான்கு வரியை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர், நான் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். "நான் இருக்கேன்ல" என்று மதினி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். கேட்டது நியாயமான கேள்வி. அந்த விதியையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை தாயை இழந்த பிள்ளை இன்னொரு தடவை இழக்கக் கூடாது. ஒரு பெண்ணின் உடல்நிலை உண்மையிலேயே பிள்ளை வளர்க்கத் தாங்காது என்றால், அவளிடமே தெளிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். வலித்தாலும் புரிந்துகொள்வாள். பரிசோதிக்காமல், பயத்தில் மறுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இரண்டு வருடம் காத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை குறுஞ்செய்தி வந்தது. 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். படத்தில் ஏழு மாதப் பெண் பிள்ளை, தலையில் முடியே இல்லை, கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். 48 நிமிடம்கூட எங்களுக்குத் தேவைப்படவில்லை. எங்களுக்கு நீதிமன்றத்தில் ஆணை கிடைத்தது. 2022லிருந்து அந்த ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார். பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துப் போனார்கள்.

இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தத்துப்பிள்ளை என்பது அவளுக்கே தெரியும், சின்னதிலிருந்தே கதைபோலச் சொல்லி வளர்த்தோம். தூக்கம் வராத ராத்திரிகளில் என் நெஞ்சில் காது வைத்துப் படுத்து எண்ணுவாள். நூறு வரை எண்ணத் தெரிந்ததே அப்படித்தான். நடுவில் ஒரு நாள், "அம்மா, இது நின்னா எனக்குச் சொல்லு, நான் சாவி குடுக்குறேன்" என்றாள். அவள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர், இன்றைக்குப் பதிவுசெய்தால் சிறு குழந்தைக்கான காத்திருப்பு மூன்று வருடத்துக்கும் மேல் போகிறது. 2024-25ல் நாடு முழுவதும் நடந்த தத்தெடுப்பு 4,515. பல வருடங்களில் இல்லாத அளவு அது. அப்படியும் வரிசையில் நிற்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. வயது வரம்பும் இருக்கிறது. அதனால்தான் அதே நாளில் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். நான் தொலைத்த ஐந்து வருடத்தை இன்னொருத்தி தொலைத்தால், அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது வயது தாண்டியிருக்கலாம்.

சொல்லும்போது அவளைப் பார்த்துச் சொல்லுங்கள், தமிழில். கணவரிடமோ மாமியாரிடமோ சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். "அழாதே, ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்" என்று சாக்லேட் நீட்டுவதுபோலவும் சொல்ல வேண்டாம். எனக்கு அன்றைக்கே அப்படிச் சொல்லியிருந்தால் கோபம்தான் வந்திருக்கும். இழந்ததற்கு அழ நாள் வேண்டும். எந்தப் பிள்ளையும் யாருடைய துக்கத்துக்கும் மருந்தாக வருவதில்லை. தத்தெடுக்க மனமில்லாதவர்களும் இருப்பார்கள், பிள்ளையே வேண்டாம் என்று இருவராக வாழ்பவர்களும் இருப்பார்கள். அதுவும் அவர்கள் முடிவு. இப்படியொரு வழி இருக்கிறது, காரா என்று பெயர், ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, தயாரானதும் போய்ப் பாருங்கள், சான்றிதழ் வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

வால்வு மாற்றும் முன்னால், கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தாலும், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று அவளிடமே கேளுங்கள். சங்கடப்பட்டால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இது எனக்குப் பிந்திப்போன விஷயம். என் மாணவிகளில் யாருக்காவது தேவைப்படலாம்.

அந்த நான்கு வரி எழுதிய டாக்டரிடம் அனுமதி கேட்டு, போன வருடம் நான் ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதினேன். எங்கே பதிவது, என்னென்ன தாள் வேண்டும், மருத்துவச் சான்றிதழில் எதை எப்படிக் கேட்பது, இடைத்தரகர் வந்தால் ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்று. ஐம்பது பிரதி எடுத்து அவர் மேஜையில் வைத்தோம். தீர்ந்துபோய்விட்டது, இன்னும் நூறு கொண்டுவாங்கம்மா என்று போன மாதம் ஐ.என்.ஆர். காட்டப் போனபோது சொன்னார். இந்த வாரம் அச்சுக்குக் கொடுக்கிறேன். உங்கள் அறைக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்த்தே அடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வால்வு வைத்த ஓர் அம்மா
திண்டுக்கல் மாவட்டம்